தோள்பையோடு வடசென்னைக்கு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தனியாக, தோளில் ஒரு பையோடு வடசென்னையைப் பார்க்க வருகிறவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சென்ட்ரலுக்கு வடகிழக்கே ஜார்ஜ் டவுனில் தொடங்கி ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வரை நீளும் பகுதியை இங்கே வடசென்னை என்கிறோம்.

சென்ற மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாரிமுனையில் இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் மெட்ரோ ஏறித் திரும்பிவிட்டேன். ஹாரன் சத்தமும் இடிபட்டதும் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது? — கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இடத்தில் குறையில்லை, நீங்கள் போன நேரம்தான் சரியில்லை. பாரிமுனை இருக்கும் ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரக் கடைகள் காலை பத்து மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். பதினொன்றுக்குள் ஆர்டர் எடுத்துவிடுவார்கள். பிறகு மூட்டை கட்டி, லாரி பார்சல் ஆபீஸ்களுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலை ஆரம்பிக்கும். அந்தச் சந்துகளுக்குள் லாரி வராது. அதனால் அத்தனை சரக்கும் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியிலும் தள்ளுவண்டியிலும் தலைச்சுமையிலும்தான் நகர வேண்டும். பன்னிரண்டு மணிக்கு இந்த ஓட்டம் உச்சத்தில் இருக்கும். வெயில் நேர் உச்சியில் நிற்கும், கடற்காற்று உள்ளே வந்திருக்காது. கோயில்களில் நடை சாத்தியிருப்பார்கள். நெரிசல் மட்டும் திறந்திருந்து மற்றதெல்லாம் மூடியிருக்கும் நேரம் அது.

அடுத்த முறை ஒரு நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன் காசிமேடு. ஏழு மணிவாக்கில் ராயபுரத்தில் நாஷ்டா. எட்டரைக்கு ஜார்ஜ் டவுன். ஷட்டர் திறக்காத அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பழைய வீடுகளின் மாடி மரவேலைப்பாடு, இரும்புத் தூண், வாசல் திண்ணை எல்லாம் கண்ணில் படும். கடை திறந்துவிட்டால் பார்வை தரைக்கு இறங்கிவிடும், மாடியை யாரும் நிமிர்ந்து பார்க்க முடியாது. பத்திலிருந்து பதினொன்றரை வரை கடைத்தெருக்களைப் பாருங்கள். பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே அலைய வேண்டாம். அறையில் படுங்கள், அல்லது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. நாலரைக்கு மேல் மறுபடியும் கிளம்பினால் இரவு ஒன்பது வரை ஊர் உங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்கு வேறு. அன்று ஜார்ஜ் டவுன் மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை திறக்காது. காசிமேட்டில் சென்னையே வந்து நிற்கும். எனவே ஞாயிறு காலை ஜார்ஜ் டவுன் கட்டடங்களைப் பார்க்க நல்லது, காசிமேட்டுக்கு வாரநாள் நல்லது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு இரண்டையும் குறை சொல்கிறார்கள்.

எழும்பூரில் காலை ஆறரைக்கு இறங்குகிறேன். அன்றிரவே திரும்ப வேண்டும். பத்துக் கிலோ பையை எங்கே வைப்பது? — வாசகி, தென்காசி

இறங்கிய நிலையத்திலேயே பொருள் காப்பறையில் வையுங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். இங்கே பலர் மாட்டிக்கொள்வது பூட்டில். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். தோள்பைக்கு ஏது பூட்டு என்று கேட்காதீர்கள். ஜிப்பின் இரண்டு இழுப்பையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டுப் போட்டால் போதும். மேல்மூடிக்குக் கயிறு கட்டும் வகைப் பையென்றால் பூட்டுப் போட வழியே இருக்காது. அதை ஜிப் வைத்த பெரிய துணிப்பைக்குள் இறக்கி அந்தப் பையைப் பூட்டுங்கள். பூட்டு ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், காலை ஆறரைக்குத் தேடி அலைய வேண்டாம். கெட்டுப்போகும் உணவையும் வைக்க விடமாட்டார்கள். திருநெல்வேலி அல்வாவைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பையோடு ஜார்ஜ் டவுனுக்குள் நுழையவே வேண்டாம். முதுகுப்பை உங்களுக்குப் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டை சுமந்து ஓடி வருகிறவர் அதில் இடித்தால் விழுவது அவர்தான், நீங்கள் அல்ல. உள்ளே போகும்போது சின்னப் பை ஒன்று, மார்புப் பக்கமாக. அதில் ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, சில்லறை. கழிவறை பெரிய பிரச்சினைதான். சந்துகளுக்குள் கிடைக்காது. உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்களைக் கணக்கில் வைத்து நடையைத் திட்டமிடுங்கள்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரல் மெட்ரோவில் ஒரே நிலையம். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் அடுத்தது உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. மெட்ரோவில் பையை ஸ்கேனரில் விடுவார்கள். மடக்குக் கத்தி, சின்ன கேஸ் அடுப்பு இரண்டையும் அனுமதிக்க மாட்டார்கள். முகாம் போடும் பழக்கம் உள்ளவர்கள் அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

காசிமேட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எதில் போவது? மீன் வாங்காமல் சும்மா பார்க்க விடுவார்களா? — வாசகர், ஈரோடு

விடுவார்கள். வேலைக்குக் குறுக்கே நிற்காதவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மொத்த ஏலம் நள்ளிரவுக்குப் பின்னேயே தொடங்கி விடியும்போது தணியும். ஏலத்தைப் பார்க்க நாலரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். மெட்ரோ ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அதனால் போகும்போது ஆட்டோ, திரும்பும்போது மெட்ரோ. சர் தியாகராயா கல்லூரி நிலையம்தான் பக்கம், அங்கிருந்து கடல் பக்கமாகக் கொஞ்ச தூரம். ஆட்டோக்காரரிடம் "காசிமேடு மீன்பிடித் துறைமுகம்" என்று முழுதாகச் சொல்லுங்கள். காசிமேடு என்று மட்டும் சொன்னால் குடியிருப்புக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

ஏலம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தக் கூச்சல் புரியும். படகிலிருந்து இறங்கும் மீனை எடை போடாமல் குவியலாகவோ கூடையாகவோ வைத்து விலை கூவுவார்கள். சுற்றி நிற்பவர்கள் வியாபாரிகள். ஒரு கூடை போகச் சில விநாடிதான். கை காட்டாதீர்கள், தலையாட்டாதீர்கள். வாங்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். ஏலத்தில் எடுத்ததைப் பெண்கள் பக்கத்திலேயே கூறு போட்டு விற்பார்கள். உங்களைப் போன்றவர்கள் வாங்கும் இடம் அதுதான். சங்கரா, வவ்வால், கடம்பா, நெத்திலி, காரப்பொடி, நண்டு, இறால் என்று பெயர் கேட்டுக்கொண்டே போகலாம். வஞ்சிரம் மட்டும் தனி மரியாதையோடு தனியாகக் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு, கண் உப்பலாகத் தெளிவு, விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழும்ப வேண்டும். வெட்டிச் சுத்தம் செய்ய வேறு ஆட்கள் இருப்பார்கள், அதற்குத் தனிக் கூலி. மீன் விலையைப் பேசும்போதே வெட்டுக்கூலியையும் கேட்டுவிடுங்கள். சமைக்க இடமில்லாதவர்கள் வாங்க வேண்டாம். அந்த ஈரப்பையோடு நாள் முழுக்கச் சுற்ற முடியாது, காப்பறையிலும் வாங்க மாட்டார்கள்.

தரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐஸ் தண்ணீரும் செதிலும் சேர்ந்து வழுக்கும். துணி ஷூ போட்டு வந்தால் அன்றைய நாள் முழுக்க அந்த வாடை உங்களோடு வரும். அடியில் பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போதும், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிடுங்கள். "வழி, வழி" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்க நேரமில்லை, உடனே ஓரம் ஒதுங்குங்கள்; பின்னால் வருவது ஐஸ் பெட்டி வண்டி. கையில் காசாகவே வைத்துக்கொள்ளுங்கள், பத்தும் இருபதும் ஐம்பதுமாக. சில்லறை விற்கும் பெண்கள் பலரிடம் ஸ்கேன் அட்டை உண்டு; ஆனால் ஈரக்கையோடு யாரும் போனைத் தொட விரும்ப மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். அப்போது போனால் கட்டிப்போட்ட படகுகளையும் வலை பின்னுகிறவர்களையும், சின்னப் படகுகளில் வரும் கொஞ்சம் மீனையும்தான் பார்க்கலாம். படகு பழுதுபார்ப்பதைப் பார்க்க ஆசையிருந்தால் அதுதான் சரியான பருவம். பெரிய ஏலத்தைப் பார்க்க வருகிறவர்கள் தேதி பார்த்து வாருங்கள்.

பாரிமுனை, பிராட்வே, மண்ணடி, மிண்ட் என்று எல்லாம் குழப்பமாக இருக்கிறது. செல்போன் வரைபடமும் சந்துக்குள் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. வழி தவறாமல் நடக்க ஒரு வழி சொல்லுங்கள். — வாசகர், சேலம்

செல்போனைப் பையில் போடுங்கள். ஜார்ஜ் டவுன் கட்டம் போட்ட ஊர், நாலு எல்லையும் நடுக்கோடும் மனதில் இருந்தால் போதும். கிழக்கே கடல் பக்கம் ராஜாஜி சாலை, தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை, மேற்கே வால்டாக்ஸ் ரோடு, வடக்கே பழைய ஜெயில் ரோடு. நடுவில் தெற்கு வடக்காக ஓடுவது பிராட்வே என்கிற பிரகாசம் சாலை. அதற்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. பெரிய தெருக்கள் பெரும்பாலும் தெற்கு வடக்காக நேரே போகும், சின்னச் சந்துகள் குறுக்கே வெட்டும். எந்தச் சந்தில் தொலைந்தாலும் தெற்கு நோக்கி நடந்தால் என்.எஸ்.சி. போஸ் சாலையில் வந்து விழுவீர்கள்.

பிராட்வேயிலிருந்து கடலை நோக்கிப் போனால் வரிசையாக அரண்மனைக்காரத் தெரு, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு. அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியன் சர்ச் இருக்கிறது. இப்போது ஆர்மீனியர்கள் அநேகமாக இல்லாத ஊரில் தோட்டமும் கல்லறைகளும் தனி மணிக்கூண்டும் பராமரிக்கப்பட்டு நிற்கின்றன. பிற்பகலில் மூடிவிடுவார்கள், காலையிலேயே பாருங்கள். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சத்ரபதி சிவாஜி 1677-ல் வந்து வழிபட்டதாக அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடைதான்.

பிராட்வேக்கு மேற்கே தெருவுக்கு ஒரு தொழில். கோடவுன் தெருவில் ஜவுளி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், பத்ரியன் தெருவில் பூ, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் படச்சட்டமும், ராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம் முருகன் கோயிலும் நாட்டு மருந்துக் கடைகளும். நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்றாலே சுக்கும் வசம்பும் மூக்கில் ஏறும். இந்தத் தெருக்களில் மொத்தமாகத்தான் கொடுப்பார்கள் என்று தயங்க வேண்டாம். பல கடைகளில் சில்லறையும் உண்டு. கூட்டம் கூடுமுன் கேட்டால் பொறுமையாகக் காட்டுவார்கள்.

பெயர்க் குழப்பத்தில் காசும் நேரமும் போவது மூன்று இடங்களில். "பீச்" என்று சொன்னால் ஆட்டோ மெரினாவுக்குப் போகும். ரயில் நிலையம் வேண்டுமென்றால் "பீச் ஸ்டேஷன்" என்று சொல்லுங்கள். "மிண்ட்" என்றால் வள்ளலார் நகர் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுவார்கள். தின்பண்டக் கடைகள் இருக்கும் தங்கசாலைத் தெரு தெற்கே சௌகார்பேட்டையில் இருக்கிறது. அதற்கு "சௌகார்பேட்டை மிண்ட் ஸ்ட்ரீட்" என்று சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டையில் பழசும் புதுசும் தனித்தனி. இதோடு இன்னொன்று: சென்ட்ரலுக்கு எதிரே தாம்பரம் லோக்கல் நிற்கும் நிலையம் பார்க். கும்மிடிப்பூண்டி லோக்கல் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும். டிக்கெட் எடுக்குமுன் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்டால் "சோத்தாங்கை பக்கம் ஒடி", "பீச்சாங்கை பக்கம் கட் பண்ணு" என்று பதில் வரும். முதலாவது வலது, இரண்டாவது இடது.

பினாங்கிலிருந்து வருகிறேன். இரண்டு லாட்ஜ்களில் "ரூம் இல்லை" என்று சொல்லிவிட்டார்களாம் என் நண்பருக்கு. தமிழ் பேசினாலும் வெளிநாட்டவர் என்றால் தர மாட்டார்களா? — வாசகர், மலேசியா

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். அதற்கான பதிவு இல்லாத சின்ன லாட்ஜ்களில் "ரூம் இல்லை" என்பதுதான் எளிய பதில். உங்கள் மேல் எந்த வெறுப்பும் இல்லை. முன்கூட்டியே போன் செய்து, "சி ஃபார்ம் போடுவீர்களா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பெரியமேடு, மண்ணடி, எழும்பூர் கென்னட் லேன் பக்கம் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கமும் விசாவும் இரண்டு பிரதி கையில் இருக்கட்டும். இலங்கையிலிருந்து வருகிற வாசகர்களுக்கும் இதே விதிதான்.

இந்தியப் பாஸ்போர்ட்டோ ஆதாரோ உள்ள தனி ஆளுக்கும், குறிப்பாகத் தனியாக வரும் பெண்ணுக்கும், சில லாட்ஜ்களில் இடம் தர யோசிப்பார்கள். ரயில் டிக்கெட் உள்ளவர்கள் சென்ட்ரல், எழும்பூர் ஓய்வறைகளை பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யில் முன்பதிவு செய்யலாம். முதல் இரவுக்கு அதுவே நிம்மதி.

அத்தோ எங்கே சாப்பிட வேண்டும்? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? — வாசகி, கோவை

பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாருக்குப் பின்னால் உள்ள செகண்ட் லைன் பீச் என்கிற தெருவில், சாயங்காலம் ஐந்துக்கு மேல். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற வேண்டிவந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. பர்மா பஜாரும் அவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகளிலிருந்து வளர்ந்ததுதான்.

தடித்த மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், தட்டை போன்ற மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அத்தோ அறை வெப்பத்தில் இருக்கும், சூப் கொதிக்கும். அதைக் குடித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். நூடுல்ஸ் மேலேயே சூப்பை ஊற்றித் தருவது மொய்ங்கா. அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் வைத்துத் தருவது முட்டை மசாலா, முழுசாக வாயில் போட வேண்டும். முட்டை இல்லாமல் அத்தோ கேட்டால் செய்து தருவார்கள். சூப்பில் என்ன சேர்க்கிறார்கள் என்று சைவக்காரர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

வயிறு கெடுவது பெரும்பாலும் அத்தோவால் அல்ல, காரத்தாலும் அதற்குமேல் குடிக்கும் தண்ணீராலும். "காரம் கம்மியா" என்று முதலிலேயே சொல்லுங்கள், மிளகாய்த்தூள் கடைசியில் சேர்ப்பதால் குறைக்க முடியும். பச்சை முட்டைகோஸ் சேர்வதால் கூட்டமுள்ள கடையாகப் பாருங்கள். அங்கே நறுக்கி வைத்தது அவ்வப்போது தீர்ந்து புதிதாக வரும். கடைத் தண்ணீரைத் தொடாமல் கொண்டுபோன பாட்டிலைக் குடியுங்கள்.

மறுநாள் மாலை சௌகார்பேட்டைக்கு வையுங்கள். முறுக்கு சாண்ட்விச் அங்கே மட்டும் உருவான பண்டம்: ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம். வாங்கிய உடனே சாப்பிடுங்கள், ஐந்து நிமிடம் போனால் முறுக்கு நமத்துவிடும். சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் அதிகம். அதனால் சைவக்காரர்கள் கவலையில்லாமல் சாப்பிடலாம். மண்ணடியும் ராயபுரமும் அசைவக்காரர்களுக்கு. காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும், பகலில் பிரியாணியும் கத்தரிக்காயும். அத்தோவும் சௌகார்பேட்டையும் ஒரே மாலையில் வைத்தால் இரண்டிலும் பாதிதான் சாப்பிடுவீர்கள்.

வடசென்னையில் குளிக்கிற மாதிரி கடற்கரை இருக்கிறதா? மெரினாவில் அவ்வளவு மணல், ராயபுரத்தில் ஏன் கருங்கல்? — வாசகர், தஞ்சாவூர்

இல்லை, குளிக்கவும் கூடாது. காரணம் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

இந்தக் கரையோரமாக ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி, முதலாவதுதான் அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைபட்டது. சுவரின் தென்பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினா அகன்றது. வடபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்து அரித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் வரை தெருக்களும் வீடுகளும் மீனவர்களின் கரையும் கடலுக்குள் போயின. நீங்கள் பார்க்கும் கருங்கல் குவியல் மிச்சத்தைக் காப்பாற்றப் போட்டது. மெரினாவில் காலாற நடக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அந்த மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குச் சேர வேண்டியது.

கல்லின் மேல் பாசி படிந்திருக்கும். கற்களுக்கு நடுவே அலை உறிஞ்சி இழுக்கும், கால் சிக்கினால் எடுப்பது கடினம். கல்லில் ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம், சாலையோரம் நின்று பாருங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க விரும்பினால் கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூரில் இறங்கலாம். அழகு பார்க்கும் இடமாக நினைத்துப் போகாதீர்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் அந்தக் கழிமுக மீனவர்களின் பிழைப்பை எப்படி அடித்தன என்பதை அவர்களே சொல்வார்கள். கேட்க நேரம் இருப்பவர்கள் போங்கள்.

ஆட்டோ மீட்டர் போடுவார்களா? — வாசகர், மதுரை

பெரும்பாலும் இல்லை. 2013-ல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த விலைக்கு இன்று யாரும் வருவதில்லை. ஏதாவது ஒரு ஆட்டோ செயலியில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள், கொஞ்சம் மேலே கேட்டால் கொடுத்துவிடலாம். ஏறுமுன் பேசி முடிக்க வேண்டும். பகலில் ஜார்ஜ் டவுனுக்குள் ஆட்டோ பிடிப்பது வீண், நடந்தால் முன்னால் போய்விடுவீர்கள். பெண்களுக்கு முகப்பில் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் டிக்கெட் காசு இல்லை. கண்டக்டரிடம் சீட்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வடசென்னை என்றாலே பயமுறுத்துகிறார்கள். பெண் தனியாகப் போகலாமா? "வா, போ" என்று ஒருமையில் பேசுகிறார்களே? — வாசகி, திருச்சி

போகலாம். இந்தப் பகுதியைத் திரையில் மட்டும் பார்த்தவர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். இங்கே வீட்டு வாசல்தான் கூடம். சாயங்காலமானால் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், பையன்கள் தெருவிளக்கடியில் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். எத்தனை கண் பார்க்கிறதோ அத்தனை பாதுகாப்பு. ஆள் இருக்கும் தெருவில் நடங்கள் என்பதே எங்கள் விதி. கடைகள் அடைத்த பிறகு, அதாவது ஒன்பதரைக்கு மேல், ஜார்ஜ் டவுன் வெறிச்சோடிவிடும். அது குடியிருப்பைவிடக் கடை அதிகமுள்ள பகுதி. எனவே இரவில் தவிர்க்க வேண்டியது ஆளில்லாத அந்தக் கடைத்தெருக்களைத்தான். லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டி உண்டு. ஆனால் இரவில் அதில் ஆளில்லை என்றால் கூட்டமுள்ள பொதுப்பெட்டியில் ஏறுங்கள். சாலையோரம் நின்று போன் பேசாதீர்கள். பைக்கில் வந்து பறிக்கிறவர்கள் எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு, ஒரு கடைக்குள் ஏறி நின்று பேசுங்கள்.

ஒருமை மரியாதைக் குறைவு அல்ல. "இன்னாம்மா, எங்க போணும்?" என்று கேட்கிறவர் பாதித் தூரம் கூடவே வந்து வழி காட்டிவிட்டுப் போவார். நீங்கள் அக்கா, அண்ணா என்று கூப்பிடுங்கள், வயதானவர்களை அம்மா, ஐயா என்று. பதிலுக்கு ஒருமையில் பேச முயல வேண்டாம். வெளியூர் வாயில் அது சரியாக வராது.

கோயில், பழைய கட்டடம் இரண்டும் சேர்த்து ஒரு அரை நாள் சொல்லுங்கள். — வாசகர், கும்பகோணம்

காலை ஆறரைக்கு மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தியாகராஜ சுவாமி கோயில். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம் என்பதால் எப்போதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம், அந்த மூன்று நாளும் வரிசை மிக நீளம். வடிவுடையம்மன் சன்னிதியையும் சுந்தரர் கதையோடு சேர்ந்த மகிழ மரத்தையும் பார்த்துவிட்டு, கடல் பக்கமாகப் பட்டினத்தார் சமாதிக்குப் போய்வாருங்கள்.

திரும்பும்போது ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூண் வரிசையோடு அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே போகும் லோக்கலில் முதல் நிறுத்தம் இதுதான். இன்று சின்ன நிலையம், பத்து நிமிடம் போதும். பக்கத்தில் பார்சிகளின் தீக்கோயிலும் உண்டு; பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. மிச்ச நேரத்தைக் கோட்டைக்கு வையுங்கள். தலைமைச் செயலகம் உள்ளேயே இருப்பதால் அடையாள அட்டை பார்ப்பார்கள். 1680-ல் திறந்த புனித மேரி தேவாலயம் அங்கே இருக்கிறது.

எங்கெல்லாம் படம் எடுக்கக் கூடாது? — வாசகர், நாகர்கோவில்

கோட்டையின் ராணுவ, செயலகப் பகுதிகள், துறைமுக வாசல்கள், உயர் நீதிமன்ற வளாகத்தின் உள்ளே. 1892-ல் கட்டிய நீதிமன்றச் செங்கல் கோபுரங்களைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தாராளமாக எடுக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு அந்த வளாகத்தின் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. காசிமேட்டில் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள். இரவெல்லாம் கண் விழித்து வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

எந்த மாதம் வரலாம்? வடசென்னையிலிருந்து அப்படியே திருப்பதி போக வசதி உண்டா? — வாசகர், காரைக்குடி

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மே மாதக் கத்திரி வெயிலில் காலை ஒன்பதுக்கு மேல் நடக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் ஒரு நல்ல மழை பெய்தால் ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கச் சாலைகள் நிரம்பி, கிழக்கும் மேற்கும் துண்டாகிவிடும். அன்று மெட்ரோ ஓடும் தடத்தை விட்டு விலகாதீர்கள்.

திருப்பதி, காளகஸ்தி, நெல்லூர்ப் பேருந்துகள் மாதவரம் புறநகர் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ போய்விடாதீர்கள், கிளாம்பாக்கம் ஊரின் மறுகோடியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கானது. பாரிமுனையிலிருந்து மாதவரத்துக்கு மாநகரப் பேருந்து உண்டு. மாலை நேரமென்றால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.